கிறீன் நினைவுப் பேருரை: மேடையை விஞ்சிய புத்தக மேசை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் நினைவாக மருத்துவர்களின் அமைப்பொன்று அங்கே ஒழுங்குசெய்திருந்த பேருரைக்கு அண்மையில் சென்று வந்தேன். அனுமதி இலவசம் என்பதோடு, பொதுமக்களும் வரலாம் என்று அழைப்பிதழில் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். நம்மிடையே நடக்கும் நினைவுப் பேருரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. மங்கல விளக்கேற்றி, படத்துக்கு மாலை சூட்டி, மறைந்தவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிய பிறகு, அவருக்கு எவ்விதத்திலும் தொடர்பில்லாத ஒரு துறை நுணுக்கத்தை நிபுணர் ஒருவர் ஒரு மணி நேரம் விளக்குவார். இந்த நிகழ்வு அந்த வார்ப்பிலிருந்து பாதியளவு தப்பித்திருந்தது. அந்தப் பாதிக்காகவே இதை எழுதுகிறேன்.

உரையாற்றியவர் ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர். அவர் தம் நேரத்தின் முதற்பாதி முழுவதையும் கிறீனுக்கே ஒதுக்கியது பாராட்டத்தக்கது. 1822இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்த அந்த இளைஞர், மறு ஆண்டே மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது 1870இல் என்பதையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் கிடைத்தது 1978இல் என்பதையும் பேச்சாளர் ஒரே படவில்லையில் அருகருகே வைத்துக் காட்டியபோது, மண்டபத்திலிருந்த மருத்துவ மாணவர்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன்.

உரையின் மிகச் சிறந்த பகுதி கிறீன் பயிற்றுமொழியை மாற்றிய வரலாறு. அவர் தொடக்கத்திலிருந்தே தமிழில் கற்பித்தார் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம், அது உண்மையன்று. முதல் அணி மாணவர்கள் ஆங்கிலத்திலேயே படித்தார்கள். ஆங்கிலம் கற்றவர்களை அரசாங்க உத்தியோகம் ஈர்த்துக்கொண்டது. எந்தக் கிராமங்களுக்கு வைத்தியர் வேண்டும் என்று கிறீன் எண்ணினாரோ அந்தக் கிராமங்கள் முன்போலவே வெறுமையாக இருந்தன. 1857இல் தாயகம் திரும்பி, 1862இல் மீண்டும் வந்தபோது, இனிமேல் தமிழிலேயே கற்பிப்பது என்று தீர்மானித்து அதைச் செய்தும் காட்டினார். மொழிப்பற்று என்று நாம் இன்று சொல்லும் உணர்வைவிட, ஊரில் ஊன்றி நிற்கும் வைத்தியர்களை உருவாக்க வேண்டும் என்ற ஆசிரியரின் கணக்கே அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்தது என்று பேச்சாளர் நிதானமாக எடுத்துரைத்தார். கிறீனின் மாணவர்களான டான்வர்த், சாப்மன் முதலியோரின் பெயர்கள் திரையில் வந்தபோது எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர், இத்தனை வெள்ளைக்காரர்களா என்று வியந்தார். மிஷன் பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயரிடும் வழக்கம் இருந்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அந்தக் குழப்பம் நேர்ந்திராது.

ஆனால் இவ்வளவையும் அவர் ஆங்கிலத்தில் சொன்னார் என்பதுதான் என் முதற்குறை. அவையில் ஏறக்குறைய எல்லோரும் தமிழர். பாதிப்பேராவது மருத்துவத் துறைக்கு வெளியே இருந்து வந்தவர்கள். திரையில் ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூலின் பெயர்கூட ஆங்கில எழுத்துகளில் வந்தபோது, பக்கத்திலிருந்த முதியவர் அதை எழுத்துக் கூட்டி வாசித்து, இரண்டாம் முயற்சியில்தான் பிடித்தார். மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசுவது வசதி என்பதை நான் மறுக்கவில்லை. துறை சார்ந்த மாநாடு என்றால் கேள்வியே எழாது. பொதுமக்களை அழைத்துவிட்டு, அதிலும் கிறீனின் பெயரால் அழைத்துவிட்டு, இப்படிச் செய்வது பந்திக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்தி உணவின் மணத்தை மட்டும் காட்டுவது போன்றது.

இதற்கு ஈடுசெய்தது மண்டபத்தின் பக்கவாட்டில் போடப்பட்டிருந்த ஒரு மேசை. அழைப்பிதழில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் மேல் கிறீனின் காலத்து நூல்களின் ஒளிப்படப் பிரதிகளை வைத்திருந்தார்கள்: 1867இல் வந்த ‘இரண வைத்தியம்’, 1872இல் வந்த ‘மனுஷ அங்காதிபாதம்’, அதே ஆண்டின் ‘வைத்தியாகரம்’, 1875இல் வந்த இரசாயன நூலான ‘கெமிஸ்தம்’. இவற்றில் ‘மனுஷ அங்காதிபாதம்’ கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். மூலநூல் இலண்டனில் முதன்முதலாக வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. தலைமுடி முதல் பாதம் வரை வருணிக்கும் கேசாதிபாதம் பாடிப் பழகிய மொழியில் அங்காதிபாதம் என்ற பெயர் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்று எண்ணியபடியே பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்ததில், நன்றியுரை முழுவதையும் தவறவிட்டேன், இழப்பாகத் தோன்றவில்லை. கெமிஸ்தம் என்பதைப் பார்த்து இளையவர் இருவர் சிரித்தார்கள். பொருந்தும் தமிழ்ச் சொல் கிடைக்காத இடத்தில் பிறமொழிச் சொல்லைத் தமிழின் ஓசைக்குப் பணிய வைத்த அந்தத் துணிவு எனக்குச் சிரிப்பை ஊட்டவில்லை. 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் கிறீன் இந்தத் தமிழாக்கப் பணியை விடவில்லை. உடற்றொழிலியல் நூலான ‘மனுஷ சுகரணம்’ வெளிவந்தது 1883இல், அவர் மறைவதற்கு முந்திய ஆண்டில். அந்த நூலின் பிரதி மேசையில் இல்லை.

உரையின் இரண்டாம் பாதி நுண்துளைச் சத்திரசிகிச்சையின் இன்றைய முன்னேற்றங்களைப் பற்றியது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை; கிறீனோடு அதற்கிருந்த தொடர்பைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. நிகழ்ச்சி நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியதால் கேள்வி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கியது. அந்தப் பத்து நிமிடத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் எழுந்து, ஒரு நோயாளிக்கு அவருடைய நோயைத் தமிழில் விளக்கிச் சொல்ல இன்றைய மாணவர்களுக்கு எங்கே கற்பிக்கப்படுகிறது என்று தமிழில் கேட்டார். பேச்சாளர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி வந்து, தமிழிலேயே விடை சொன்னார். மருத்துவமனை விடுதியில் தாம் நோயாளரிடம் பேசப் பழகிய விதம், முதலில் தடுமாறிய சொற்கள், திருத்திய மூத்த தாதியர் என்று விரிந்த அந்த ஆறேழு நிமிடம், அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தைவிட உயிரோட்டமாக இருந்தது. அவருக்கு இவ்வளவு அழகான தமிழ் கைவசம் இருந்தும் முழு உரையையும் அப்படி நிகழ்த்தும்படி ஏற்பாட்டாளர்கள் கேட்காமல் விட்டது ஏன் என்று விளங்கவில்லை.

தேநீரும் வடையும் தாராளமாக இருந்தன. அடுத்த முறை இந்தப் பேருரை நடந்தால் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, போகலாம் என்றே சொல்வேன். ஆனால் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய், மேடைக்கு எதிரே இடம் பிடிப்பதற்கு முன் அந்த மேசையருகே நில்லுங்கள். கூட்டம் கலையும்போது பிரதிகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.