நான்கே நிறங்கள்: கேம் பாய் கேமராவும் அதற்குப் போட்டியாக நிற்பவையும்

கையடக்க கேம் கருவியில் படம் எடுக்க வேண்டும், அதுவும் பழைய காலத்துப் புள்ளி புள்ளியான தோற்றத்தில் வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, நிண்டெண்டோ தன் கேம் பாய் என்ற கையடக்க கேம் கருவிக்காக 1998-இல் வெளியிட்ட கேம் பாய் கேமரா. இரண்டாவது, சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி தலையில் மாட்டுகிற கோ!கேம், 2006-இல் ஜப்பானில் 'சோட்டோ ஷாட்' என்ற பெயரில் முதலில் வந்தது இதுதான். மூன்றாவது, கேமராவை உள்ளேயே வைத்து 2008-இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ்ஐ. நான்காவது, எந்தப் பழைய கருவியும் வாங்காமல், கைபேசியில் ஒரு ஃபில்டர் செயலியைப் போட்டுக்கொள்வது.

நான்கையும் புழங்கியிருக்கிறேன். எதில் படம் தெளிவாக வருகிறது என்று மட்டும் பார்த்தால் இந்த அலசலே தேவையில்லை, கைபேசி ஜெயித்துவிடும். நான் பார்ப்பது வேறு. பொத்தானை அழுத்துவதற்கு முன்பு அந்தக் கருவி நம் கண்ணுக்கு என்ன காட்டுகிறது? எடுத்த படத்தை அதிலிருந்து வெளியே கொண்டுவர எவ்வளவு பாடு? இந்த இரண்டும்தான் ஒரு கருவியைத் தினமும் கையில் எடுக்க வைக்கிறது, அல்லது அலமாரியில் தூங்க வைக்கிறது.

கேம் பாய் கேமராவிலிருந்தே தொடங்குகிறேன். கேம் பாயில் செருகுகிற சாதாரண கேம் கார்ட்ரிட்ஜ்தான், அதாவது விளையாட்டு அடங்கிய சின்னப் பெட்டி. அதன் உச்சியில் ஓர் உருண்டை, உருண்டைக்குள் லென்ஸ். விரலால் தள்ளினால் உருண்டை 180 டிகிரி திரும்பும். எதிரே இருப்பவரை எடுத்த கையோடு லென்ஸை நம் பக்கம் திருப்பி நம் முகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். செல்ஃபி என்ற சொல் வழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இதைச் செய்த கருவி இது.

உள்ளே இருப்பது மிட்சுபிஷியின் எம்64282எஃப்பி என்ற சென்சார், ஒளியைப் படமாக மாற்றும் சில்லு. 'செயற்கை விழித்திரை' என்று சொல்லி விற்றார்கள். அந்தப் பெயரில் ஓரளவு நியாயம் உண்டு. வெளிச்சத்தை அளப்பதோடு நிற்காமல், உருவங்களின் விளிம்பைக் கூர்மையாக்கும் வேலையையும் அந்தச் சில்லே செய்துவிடுகிறது. 128-க்கு 128 பிக்சல். அதில் படமாக வருவது 128-க்கு 112. கேம் பாய் திரை 160-க்கு 144 என்பதால் நாலு பக்கமும் 16 பிக்சல் மிச்சம். அதில்தான் அந்தப் பூப்போட்ட, படம்போட்ட சட்டங்கள் உட்கார்ந்திருக்கின்றன. நிறங்கள் நான்கே: கறுப்பு, அடர்சாம்பல், வெளிர்சாம்பல், வெள்ளை.

நான்கு நிறத்தில் ஒரு முகம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். செய்தித்தாளில் வரும் படத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால் புள்ளிகள் தெரியுமே, அதே வித்தைதான். ஒவ்வொரு 4-க்கு 4 கட்டத்துக்கும் ஒரு வரம்பு அட்டவணை வைத்துக்கொண்டு, வெளிச்சம் அந்த வரம்பைத் தாண்டுகிறதா இல்லையா என்று பார்த்துப் புள்ளிகளைக் கலந்து போடுகிறது. தள்ளி நின்று பார்க்கும்போது கண் அவற்றைக் குழைத்து இடைப்பட்ட நிறங்களாக எடுத்துக்கொள்கிறது.

ஒரு நண்பரை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன். ஜன்னல் பக்கக் கன்னம் முழு வெள்ளை. மூக்கின் தண்டு ஒரு கோடு. மறுகன்னத்தில் புள்ளிகள் வரிசைகட்டி இறங்கி, காதுக்கு அருகே கறுப்போடு கறுப்பாகக் கரைந்துவிட்டன. நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுக்கச் சொன்னேன். அவ்வளவுதான், காது தனியாகப் பிரிந்து தெரிந்தது, கண்ணுக்குக் கீழே ஒரு நிழல் முளைத்தது. இவையெல்லாம் படம் எடுப்பதற்கு முன்பே, கேம் பாய் திரையில் அசையும் படமாக நடக்கிறது. அம்புப் பொத்தான்களால் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றி இறக்கலாம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் புள்ளிகள் இடம் மாறுவது கண்முன்னே தெரியும். உலகத்தை நான்கு நிறத்தில் காட்டிவிட்டு, "இப்போது எடு" என்கிறது இந்தக் கேமரா. மற்ற மூன்றும் முதலில் சாதாரணப் படத்தை எடுக்கச் சொல்கின்றன. என் கணக்கில் பெரிய வித்தியாசம் இதுதான்.

வெளிச்சம் குறைந்தால் சிரமம் உண்டு. சென்சார் ஒளியை வாங்கும் நேரத்தை 16 மைக்ரோ விநாடியிலிருந்து ஏறத்தாழ ஒரு விநாடி வரை நீட்டிக்கொள்ளும். அறை இருட்டாக இருந்தால் திரையில் படம் விட்டுவிட்டுத்தான் நகரும். ஓடும் குழந்தையை மாலை வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று நினைத்தால் கிடைப்பது வெறும் தீற்றல்தான். பகல், பக்கவாட்டு வெளிச்சம், அசையாத பொருள் என்றால் இதற்குக் கொண்டாட்டம். இதே சென்சாரை லைடன் நகரத்துப் பழைய வானாய்வகத்தில் ஒரு தொலைநோக்கியோடு சேர்த்து நிலாவையும் வியாழனையும் எடுத்திருக்கிறார்கள். நிலாவின் பள்ளங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வியாழனுக்குப் பக்கத்தில் அதன் துணைக்கோள்களும் புள்ளிகளாக நிற்கின்றன. 14,336 பிக்சலில் இது!

எந்தக் கருவியில் செருகுவது என்பதையும் யோசிக்க வேண்டும். முதல் கேம் பாயின் பச்சைத் திரையில் அசைவு இழுபட்டுத் தெரியும், படத்தைச் சரியாக அமைப்பது கஷ்டம். கேம் பாய் கலர் தேவலை. கேம் பாய் அட்வான்ஸில் செருகுமிடம் மேலே இருப்பதால் கைக்கு வாகாக இருக்கும். அட்வான்ஸ் எஸ்பி மாடலின் திரை வெளிச்சமானது என்றாலும் செருகுமிடம் அடியில் இருக்கிறது. கேமரா நம் வயிற்றுப் பக்கம் வந்துவிடும். டிஎஸ் வரிசைக் கருவிகள் கேம் பாய் கார்ட்ரிட்ஜையே ஏற்பதில்லை.

அப்புறம், படத்தை வெளியே எடுக்கும் பாடு. கார்ட்ரிட்ஜில் இருப்பது 128 கிலோபைட் நினைவகம். ஒரு படத்துக்கு 4 கிலோபைட் வீதம் 30 படம். மிச்சம் இருப்பது கேமராவின் சொந்த வேலைகளுக்கு. மெமரி கார்டு கிடையாது, யுஎஸ்பி கிடையாது. அன்றைக்கு நிண்டெண்டோ கொடுத்த வழி கேம் பாய் பிரிண்டர். ஆறு ஏஏ பேட்டரி போட்டு, கேம் பாயை மற்றக் கருவிகளோடு இணைக்கும் லிங்க் கேபிளில் இணைத்தால், 38 மில்லிமீட்டர் அகல ஸ்டிக்கர் காகிதத்தில் கரகரவென்று அச்சாகி வரும். சூட்டால் அச்சாகும் தெர்மல் காகிதம் என்பதால் வெயிலும் சூடும் பட்டால் மங்கிவிடும். அந்தக் காகிதம் இப்போது தயாரிப்பில் இல்லை. ரசீது அச்சிடும் தெர்மல் சுருளை அதே அகலத்துக்கு வெட்டிப் போட்டு ஓட்டுகிறார்கள். வேலை செய்கிறது. ஆனாலும் கையில் சூடாக வந்து விழும் அந்தச் சின்னத் தாளைப் பார்க்கும் சந்தோஷத்தை எந்தத் திரையும் தருவதில்லை.

கணினிக்குக் கொண்டுபோக இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஆர்டுயினோ அல்லது ராஸ்பெர்ரி பை பிகோ போன்ற சின்னக் கணினிப் பலகையை லிங்க் கேபிளில் இணைத்து, "நான்தான் பிரிண்டர்" என்று கேம் பாயை நம்பவைப்பது. அது அச்சிடுவதாக நினைத்து அனுப்பும் தகவல் அப்படியே படக்கோப்பாகச் சேரும். இன்னொன்று, கார்ட்ரிட்ஜில் இருப்பதைக் கணினிக்குப் படித்துத் தரும் கார்ட்ரிட்ஜ் ரீடர். ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ போன்ற ஒன்றில் கார்ட்ரிட்ஜைச் செருகினால் 30 படமும் ஒரே மூச்சில் வந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ரீடர்தான். கேமராவை வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அந்த 30 படத்தையும் காப்பாற்றுவது கார்ட்ரிட்ஜுக்குள் பற்றவைத்த ஒரு பட்டன் பேட்டரி. நான் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் வாங்கிய முதல் கேமராவில் இரண்டு மாதம் படம் எடுத்துச் சேர்த்திருந்தேன். ஒரு நாள் காலையில் போட்டுப் பார்த்தால் முப்பது இடமும் காலி. பேட்டரி உயிரை விட்டிருந்தது. தூங்கிக்கொண்டிருக்கும் எங்கள் பூனையின் படம் ஒன்று அதில் இருந்தது, அதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, கோ!கேமுக்கு வருவோம். கருவியாகப் பார்த்தால் இது எவ்வளவோ உயர்ந்தது. 1.3 மெகாபிக்சல், வண்ணப் படம், காணொளியும் உண்டு. பிஎஸ்பியின் மேல்விளிம்பில் இருக்கும் யுஎஸ்பி துளையில் மாட்டிக்கொள்ளும். இதன் தலையும் முன்னும் பின்னும் திரும்பும். 480-க்கு 272 பிக்சல் கொண்ட அகலத் திரையில் காட்சி பளிச்சென்று தெரியும். படங்கள் மெமரி ஸ்டிக்கில் சாதாரணக் கோப்பாகச் சேரும், கணினியில் இணைத்தால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பாடு என்று எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுவதில்லை. அந்தக் காலத்துக் கைபேசியில் எடுத்த படம் போலத்தான் இருக்கின்றன: கொஞ்சம் மங்கல், நிழலில் நிறப்புழுதி. பழையது என்று சொல்லலாம், தனக்கென்று ஒரு முகம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கோ!கேம் உயிர்பெறுவது விளையாட்டில்தான். பார்சிலோனாவின் நோவாராமா நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த இன்விசிமல்ஸ் விளையாட்டை இந்தக் கேமராவோடு ஒருமுறை ஆடிப் பாருங்கள். நம் அறையைச் சுற்றிக் கேமராவைக் காட்டிக்கொண்டே போனால், அது பார்க்கும் நிறங்களை வைத்து ஒளிந்திருக்கும் உயிரினத்தைத் தேடும். கிடைத்ததும் ஒரு பொறி அட்டையைத் தரையில் வைத்தால், அதன் மேல் அந்த உயிரினம் வந்து நிற்கும். கேமராவைக் கண்ணாகப் பயன்படுத்திய விளையாட்டு என்று இதை மனதாரச் சொல்வேன். கேம் பாய் கேமராவுக்குள்ளும் குட்டி விளையாட்டுகள் உண்டு. ஓட்டப் பந்தயத்திலும் பந்து விளையாட்டிலும் நம் முகத்தையே ஒட்டிக்கொள்ளலாம். வேடிக்கைதான். ஆனால் விளையாட்டுக்காகத்தான் கேமரா வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிஎஸ்பி பக்கம் போகலாம்.

டிஎஸ்ஐ துணைக்கருவி வகையில் சேராது. கேமரா அதனுள்ளேயே இருக்கிறது. இருந்தும் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம், நான்கிலும் வம்பில்லாதது இதுதான். வெளிமூடியில் ஒன்று, உள்ளே மடிப்புக்குப் பக்கத்தில் ஒன்று என இரண்டு கேமரா, இரண்டும் 640-க்கு 480. பக்கவாட்டில் எஸ்டி கார்டு போடலாம். முகத்தைக் கண்டுபிடித்து மீசை, மிருகக் காது ஒட்டுவது, இரண்டு முகத்தைக் கலப்பது, ஸ்டைலஸால் முகத்தை இழுத்து நெளிப்பது என்று குழந்தைகளுக்குப் பிடித்த வேலைகள் நிறைய. ஒரு சின்னவர் கையில் கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரம் சத்தமே வராது. பழைய தோற்றம் வேண்டுமென்று வருகிறவருக்கு மட்டும் இது அரைவாசிதான்: தெளிவும் இல்லை, புள்ளி அழகும் இல்லை.

கைபேசி ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத்தை 128-க்கு 112 ஆகச் சுருக்கி, நான்கு நிறத்துக்கு இறக்கி, புள்ளி போட்டுத் தருகிறது; அடுத்த நொடி அனுப்பிவிடலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண் கண்டுபிடித்துவிடும். இன்றைய கைபேசி ஒரே நொடியில் பல படங்கள் எடுத்துச் சேர்த்து நிழலையெல்லாம் வெளுத்துவிடுகிறது. கேம் பாய் படத்தின் உயிரே அந்த முரட்டு நிழலில்தான் இருக்கிறது. நிழலை முதலில் துடைத்துவிட்டுப் பிறகு புள்ளி வைத்தால் முகம் தட்டையாகிவிடும். சென்சாரே விளிம்பைக் கூராக்கும் விதமும் பெரும்பாலான செயலிகளில் இல்லை. இந்தத் தோற்றம் நமக்குப் பிடிக்குமா என்று ஒரு வாரம் சோதித்துப் பார்க்க ஃபில்டர் போதும். பிடித்துவிட்டால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

ஏனென்றால் கேம் பாய் கேமராவில் போகப் போக ஆழம் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள்களை லென்ஸ் முன் ஒவ்வொன்றாகப் பிடித்து மூன்று படம் எடுத்து, கணினியில் ஒன்றாகச் சேர்த்தால் வண்ணப் படம் கிடைக்கும். கேமராவும் பொருளும் ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது, அதனால் முக்காலி அவசியம். உருண்டையைக் கழற்றிவிட்டுப் பெரிய லென்ஸ் மாட்டுகிறவர்களும் உண்டு. சென்சார் சின்னது என்பதால் சாதாரண லென்ஸே தொலைநோக்கி மாதிரி இழுத்துக் காட்டும்.

இப்போது நான் வெளியே எடுத்துப் போவது கேம் பாய் அட்வான்ஸும் கேமராவும். பிஎஸ்பி வீட்டில் இன்விசிமல்ஸுக்கென்றே இருக்கிறது. நீங்களும் கேமராவை வாங்கினால், வந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான். முதலில் கார்ட்ரிட்ஜை ரீடரில் போட்டு உள்ளே இருப்பதை எடுத்து வையுங்கள். முன்பு வைத்திருந்தவர் எடுத்த படங்கள் பலமுறை அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு பற்றவைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, உலோகக் காது வைத்த புதுப் பேட்டரியைப் போடச் சொல்லுங்கள். பழையதைக் கழற்றும் நொடியிலேயே உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் இந்த வரிசை மாறக் கூடாது.