தேய்ந்த கட்டிங் எட்ஜை மாற்றித் தரும் ஓர் அம்பத்தூர்ப் பட்டறை

டிராக்டரின் டோசர் பிளேடிலும் ஜேசிபியின் முன் பக்கெட்டிலும் அடிவிளிம்பில் போல்ட் போட்டுப் பொருத்தியிருக்கும் தடித்த எஃகுப் பட்டைக்குக் கட்டிங் எட்ஜ் என்று பெயர். பக்கெட் தேயக் கூடாது என்பதற்காகத் தான் தேய்ந்துகொள்ளும் பாகம் அது. அதை மாற்றித் தரும் இடங்கள் சென்னையில் பல உண்டு. முறையாக மாற்றித் தருபவை குறைவு. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உட்தெரு ஒன்றில், வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் இந்தச் சிறிய பட்டறையை அந்தக் குறைவான இடங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய தூர்வாரும் பணி, எம்-சாண்ட், ஜல்லி, கான்கிரீட் இடிபாடு என நம் ஊர் வண்டிகள் தள்ளுவதெல்லாம் எஃகைத் தின்னும் சரக்கு. மணலில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. பனி பெய்யும் நாடுகளில் இதே டிராக்டரில் மாட்டும் பனி தள்ளும் பிளேடுகளுக்குத் தரையைக் கீறாத ரப்பர், பாலியூரித்தேன் விளிம்புகளும், இறுகிய பனிக்கட்டியைச் சுரண்ட டங்ஸ்டன் கார்பைடு பதித்த விளிம்புகளும் உண்டு. நமக்கு அந்தத் தேர்வுகள் தேவைப்படுவதில்லை. நல்ல எஃகும் நல்ல போல்ட்டும் போதும். அந்த இரண்டில்தான் பெரும்பாலான இடங்களில் கை வைக்கிறார்கள்.

வண்டி உள்ளே வந்ததும் ஸ்பேனரை எடுக்காமல் அளவுகோலை எடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. பட்டையின் இரு முனைகளிலும் நடுவிலும் எஞ்சியிருக்கும் அகலத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார் ஃபோர்மேன். ஒரு மூலை மற்றதைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா பக்கெட் லிப்பே போயிருக்கும் சார்" என்றார். பட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்த உதடு தேய்ந்துவிட்டால் போல்ட் துளைகள் வாய் பிளந்து, புதுப் பட்டை உட்காரவே இடமின்றிப் போகும். பிறகு உதட்டையே வெட்டியெடுத்து வேறு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், செலவும் பல மடங்காகும்.

பக்கெட்டை ஹைட்ராலிக் அழுத்தத்தில் மட்டும் நிறுத்தாமல் மரக்கட்டைகளின் மேல் இறக்கி வைத்த பிறகே கீழே கை விட்டார்கள். துருப்பிடித்து அசையாத போல்ட்டுகளில் கேஸ் கட்டிங் தீயை நட்டின் மேல் மட்டும் காட்டி நட்டைப் பிளந்தார்கள். தீ பக்கெட்டின் உதட்டில் படவில்லை. ஒவ்வொரு போல்ட்டும் சம்மட்டி அடியில் கீழே விழுந்ததும் அதைத் திருப்பிப் பார்த்தேன்: தலை பாதி தேய்ந்து, ஓரம் கத்திபோல் கூர்மையாகியிருந்தது. பழைய போல்ட்டில் நன்றாக இருப்பதைத் திரும்பப் போடலாமே என்று ஓட்டுநர் கேட்டதற்கு, அப்படியானால் வேலையே செய்வதில்லை என்று மறுத்துவிட்டார்கள். தலையில் 10.9 என்ற வலிமைத் தரக் குறி பொறித்த புதிய போல்ட்டுகளும் புதிய நட்டுகளும்தான்.

இந்தப் பட்டறையின் உண்மையான தரம் இதற்கு அடுத்த கட்டத்தில் தெரிகிறது. பட்டை உட்காரும் பரப்பிலிருந்த துருவையும் பழைய வெல்டிங் மேடுகளையும் கிரைண்டரால் சமன்செய்து, நேர்பட்டை வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தார்கள். இடைவெளியோடு முடுக்கிய பட்டை வேலையின்போது அசையும். அசைந்தால் போல்ட் நீளும், நீண்டால் அறும். நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி முடுக்கி, தலைகளில் சம்மட்டியால் தட்டி, மறுபடி முடுக்கினார்கள். சில மணி நேர வேலைக்குப் பிறகு வந்து மீண்டும் ஒருமுறை முடுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை.

பரவலாக ஓடும் ஜேசிபி மாடல்களுக்கு இரு விளிம்பும் சாய்வாக இழைத்த ஆயத்தப் பட்டை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தேய்ந்ததும் கழற்றித் திருப்பிப் போட்டு மறு பக்கத்தையும் பயன்படுத்தலாம். டிராக்டர் பிளேடுகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், அவற்றுக்கு 400 பிரினெல் கடினத் தகட்டை அளவுக்கு வெட்டித் தருகிறார்கள். சாதாரண இரும்பின் கடினம் இதில் பாதிகூட இராது. துளைகளைக் கேஸில் ஊதாமல் டிரில் போட்டு, போல்ட் தலை உள்ளே புதையும்படி வாயைக் கூம்பாக அகட்டுகிறார்கள். இத்தகைய தகடு 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் கடினத்தை இழக்கத் தொடங்கும் என்பதால் இது வீண் கெடுபிடி அல்ல. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை விளிம்பில் வைத்து வெல்டிங் அடித்துத் தரும் வழக்கம் நகரத்தில் இன்னும் இருக்கிறது. முன்சூடு காட்டாமல் வைத்த அந்த உயர்கார்பன் எஃகு, வெல்டிங்கை ஒட்டியே விரிசல் விட்டுத் துண்டாக விழும்.

குறைகளும் உண்டு. தகட்டை எடைக்கு விலை போடுகிறார்கள். 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 16 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுமார் 35 கிலோ வரும். ஆனால் வெட்டிக் கழிந்த துண்டின் எடையையும் பில்லில் சேர்த்துவிட்டு, துண்டைக் கேட்டால்தான் தருகிறார்கள். தகட்டின் தரச் சான்று நகலையும் வற்புறுத்தித்தான் வாங்க வேண்டியிருந்தது. பில்லில் "பிளேட் 1" என்று மட்டுமே எழுதுவது, பல வண்டிகளை வைத்துக் கணக்குப் பார்ப்பவருக்குப் போதாது. கூலி அக்கம்பக்கத்தைவிட அதிகம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட், செப்டம்பரில் தூர்வாரும் ஒப்பந்ததாரர்களின் வண்டிகள் தெருமுனை வரை நிற்கின்றன. முன்கூட்டியே பேசி வைக்காமல் போனால், பட்டையைக் கழற்றாமலே ஒரு நாள் வாடகை போய்விடும். பட்டையின் நீளம், துளைகளின் எண்ணிக்கை, துளைக்குத் துளை இடைவெளி ஆகியவற்றை அளந்து, அளவுகோல் தெரியும்படி படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால், வண்டி போய்ச் சேர்வதற்குள் பட்டையைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.