பேரனும் நானும் ஒரே ஏர் கன்னும்: நான்காவது ஆண்டில்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில், துப்பாக்கி இருப்பது அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மகள் வீட்டு அலமாரியில். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றின் அழுத்தத்தால் குண்டைத் தள்ளும் ஏர் கன்னையும் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. பினாங்கில் இதைப் படிக்கும் தாத்தாக்கள் யாரும் இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டுத் தருவித்துவிட வேண்டாம்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்ச் சேர்ந்த ஊர் பென்டன்வில். பக்கத்து ஊர் ரோஜர்ஸ். டெய்சி ஏர் கன் கம்பெனி மிச்சிகனிலிருந்து 1958இல் அங்கேதான் வந்தது. முதல் பயணத்தில் அவர்களுடைய அருங்காட்சியகத்துக்குப் பேரன் என்னை இழுத்துப் போனான். 1882இல் காற்றாலை செய்யத் தொடங்கிய கம்பெனி அது. காற்றாலை வாங்கிய விவசாயிகளுக்குக் கொசுறாகக் கொடுத்த துப்பாக்கி, காற்றாலையையே ஓரங்கட்டிவிட்டது. நாங்கள் பிறகு வாங்கிய மாடல் ரெட் ரைடர். அது செய்தித்தாள் சித்திரத்தொடரில் வந்த கௌபாயின் பெயர். கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் லீவரை, அதாவது கீழே இழுத்துச் சுடத் தயார் செய்யும் கைப்பிடியை, பார்த்ததும் எனக்கு நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. திடலில் வெள்ளைத் திரை கட்டி, ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வரும் படம் காட்டுவார்கள். மறுநாள் லயத்துப் பையன்கள் எல்லாரும் ரப்பர் மரக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு திரிவோம். பேரனுக்கு அப்போது பத்து வயது. தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வயதும் பத்துதான், அதுவும் பெரியவர் கூடவே இருக்க வேண்டும். மகள் சம்மதித்தாள். ஒன்று வாங்கினோம்.

ஒன்றுதான். மாப்பிள்ளை ஆளுக்கொன்று வாங்கலாம் என்றார், நான் வேண்டாம் என்றேன். இந்த முடிவை இன்றுவரை நல்ல முடிவாகவே நினைக்கிறேன். ஒருவன் சுடும்போது மற்றவன் பின்னால் நின்று பார்க்கிறான், எண்ணுகிறான், கையைக் கவனிக்கிறான். ஐந்து சுட்டதும் கை மாறுகிறது.

எடை ஒரு கிலோ, நீளம் 90 சென்டிமீட்டர். 4.5 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு 650 வரை உள்ளே கொள்ளும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் லீவரை இழுத்து, முழுக்க மூடி, பிறகுதான் ஒரு குண்டு. இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு சுடலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பேச நேரம் இருக்கிறது. குண்டு தன் எடையால்தான் இடத்தில் விழ வேண்டும், அதனால் குழலைச் சற்று மேலே தூக்கி லீவரை இழுக்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் பாதிக்குப் பாதி வெறும் காற்றைச் சுட்டோம். லீவர் திறந்திருக்கும்போது சுடும் விசைப் பக்கம் விரல் போகவே கூடாது, நசுங்கிவிடும். பத்து வயதுக் கைக்கு அந்த ஸ்பிரிங் கடினம். தோளில் வைக்கும் அடிக்கட்டையைத் தொடையில் அழுத்திக்கொண்டு இழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒருமுறை இழுத்துவிட்டால் சுட்டுத்தான் இறக்க முடியும் என்பதையும் பையன் மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

முதல் வாரத்தில் ஒரு தவறு செய்தேன். மைலோ டின்னைப் பலகை வேலிக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டேன். குண்டு வேலியில் பட்டுத் திரும்பி வந்து பேரனின் கண்ணாடியில் ‘டிக்’ என்றது. பாதுகாப்புக் கண்ணாடிதான், மகள் கட்டாயமாகப் போடச் சொல்லியிருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் போகிற இரும்பு, கெட்டியான எதில் பட்டாலும் திரும்பி வரும். மறுநாளே பெரிய அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள்களைத் திணித்து, முன்னால் என் பழைய கைலியை மடித்துத் தொங்கவிட்டோம். ஐந்து மீட்டர் தூரம். குண்டு கைலியில் வேகம் இழந்து பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சுட்ட குண்டை மறுபடி போடுவதில்லை. நகர எல்லைக்குள் சுடுவதற்கு ஊருக்கு ஊர் விதி மாறும், அதையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பயணத்தில்தான் அவனுடைய கண் விஷயம் பிடிபட்டது. வலக்கைப் பையன், ஆனால் எல்லாக் குண்டும் ஒரே பக்கம் ஒதுங்கின. இரு உள்ளங்கையையும் நீட்டி நடுவில் சிறு ஓட்டை விட்டு, தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னேன். வலக்கண்ணை மூடினால் மரம் இருந்தது, இடக்கண்ணை மூடினால் மறைந்தது. குறி பார்ப்பதில் இடக்கண்தான் அவனுக்கு முதல் கண். துப்பாக்கியை இடத் தோளுக்கு மாற்றினோம். பக்கவாட்டில் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் வகையாக இருந்தால் திண்டாடியிருப்பான். லீவர் நேர் கீழே இருப்பதால் இரண்டு கைக்கும் ஒன்றுதான். ஒரு மாதத்தில் என்னை முந்திவிட்டான்.

என் கண்ணுக்கு வயதாகிவிட்டது. குழல் முனையில் இருக்கும் முன் குறியும் இலக்குத் தாளும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. நான் தாளையே உற்றுப் பார்ப்பதைப் பின்னால் நின்று கண்டுபிடித்தவன் அவன்தான். “தாத்தா, தாள் மங்கலா இருக்கட்டும். முன் குறியைப் பாருங்க.” நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையே எனக்குத் திருப்பிச் சொன்னான். அன்றைக்கு ஐந்தில் நான்கு வட்டத்துக்குள் விழுந்தன. அவன் குதித்த குதி இன்னும் கண்ணில் நிற்கிறது.

எண்ணெய் போடுவதில் கையேட்டை மீறாதீர்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, சொல்லியிருக்கிற எண்ணெயை மட்டும் ஓரிரு சொட்டு. குழலின் உட்புறம் வழுவழுப்பானது, குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளம் கிடையாது. பத்து மீட்டருக்கு மேல் துல்லியம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

போன டிசம்பரில் பிள்ளைகள் பட்டர்வொர்த்துக்கு வந்தார்கள். துப்பாக்கி ஏன் வரக் கூடாது என்று பேரன் கேட்டான், சட்டத்தைச் சொன்னேன், புரிந்துகொண்டான். பதிலாக ஒரு லாஸ்டிக், அதாவது கவண், கட்டிக் கொடுத்தேன். கொய்யாக் கவட்டை, களிமண் உருட்டி வெயிலில் காயவைத்த உண்டைகள், மாமரத்தடியில் அதே அட்டைப்பெட்டி, அதே கண்ணாடி. பறவை, அணில், பூனை பக்கம் குறி திரும்பக் கூடாது என்பதும் அதே விதி. சின்ன வயதில் நான் லாஸ்டிக்கால் அடித்த மைனா ஒன்று என் கையிலேயே அடங்கியது. அதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உண்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது அவனுக்குப் பதின்மூன்று. துப்பாக்கியின் அடிக்கட்டை அவனுக்குக் குட்டையாகிவிட்டது, எனக்கு எப்போதுமே குட்டைதான். அவனுடைய சனிக்கிழமை மாலை எனக்கு ஞாயிறு காலை. தேநீர் ஆறுவதற்குள் அன்று சுட்ட தாளின் படம் வந்துவிடும். அடுத்த பயணம் மே மாதம். பேத்திக்கு ஏழு வயதுதான், இன்னும் மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். அதுவரை குண்டு எண்ணும் வேலை அவளுடையது. பாதுகாப்புக் கண்ணாடியை எங்களுக்கு முன்பே மாட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.