பிளேடு லேசிக், ஃபெம்டோ லேசிக்: விலை வித்தியாசம் எதற்கு?

கண்ணாடிப் பவரை லேசரால் சரிசெய்யும் லேசிக் சிகிச்சை பற்றி விசாரிக்கப் போனால் கண் மருத்துவமனையில் இரண்டு மூன்று விலை சொல்வார்கள். பவரைச் செதுக்குகிற எக்சைமர் லேசர் பெரும்பாலும் ஒன்றேதான். விலை மாறுவது அதற்கு முந்தைய வேலையில்தான், அதாவது கார்னியாவின் (கண்ணின் முன்புறம் உள்ள ஒளிபுகும் படலம்) மேல்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் திறப்பதில். லேசிக்குக்கே உரிய சிக்கல்களில் பல இந்த மடலைச் சுற்றியே வருகின்றன. அதனால் லேசர் எந்த கம்பெனி என்று கேட்பதைவிட, மடலை எதால் வெட்டுகிறார்கள், எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் என்று கேட்பதே முக்கியம்.

பிளேடு முறையில் மைக்ரோகெரடோம் என்ற கருவி வேலை செய்கிறது. உறிஞ்சு வளையம் கண்ணை இறுகப் பிடித்து, கண் அழுத்தத்தை 65 மி.மீ. பாதரசத்துக்கு மேல் ஏற்றும். பிளேடு சில விநாடிகளில் வெட்டி முடித்துவிடும். வேகம் நல்லதுதான். ஆனால் நினைத்த தடிமனும் கிடைத்த தடிமனும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். மடல் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் வரும். கார்னியாவின் வளைவு 46, 47 டயாப்டருக்கு (வளைவையும் பவரையும் அளக்கும் அலகு) மேல் இருந்தால் நடுவில் ஓட்டை விழும் அபாயம் கூடுகிறது. 41-க்குக் கீழே தட்டையாக இருந்தால், ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய விளிம்பும் அறுந்து மடல் தனியே வந்துவிடலாம். ஓட்டை விழுந்தால் நல்ல மருத்துவர் லேசரைத் தொடவே மாட்டார். மடலைப் பழைய இடத்திலேயே படிய வைத்து, பேண்டேஜ் லென்ஸ் (காயத்தை மூடும் கான்டாக்ட் லென்ஸ்) போட்டு, சில மாதங்கள் ஆறவிட்டு, பிறகு மடல் வெட்டாமல் மேலிருந்தே செதுக்கும் மேற்பரப்பு லேசருக்குப் போவார். அந்த நாளில் நிறுத்தத் தெரிந்தவர்தான் நம்பத் தகுந்தவர்.

ஃபெம்டோ முறையில் பிளேடுக்குப் பதில் ஃபெம்டோ லேசர் மடலை 90 முதல் 120 மைக்ரான் வரை சீரான தடிமனில் வெட்டும். ஓரத்தை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்பதையும் முன்கூட்டியே குறிக்கலாம். மடல் நழுவாமல் உட்கார இது உதவுகிறது. வெட்டும்போது உறிஞ்சல் விட்டுப்போனால் பெரும்பாலும் மறுபடி பொருத்தித் தொடரலாம். இதற்கும் குறைகள் உண்டு. வாயுக் குமிழிகள் தேங்கி வெண்படலமாகி, எக்சைமர் லேசர் கண்ணின் அசைவைப் பின்தொடர்வதைச் சற்று நேரம் தடுக்கும். பார்வை தெளிவாக இருக்கும்போதே சில வாரங்கள் கழித்து வெளிச்சம் பட்டால் கடும் கண்கூச்சம் வரலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் அது அடங்கும்.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு கணக்கு பாருங்கள். கார்னியா 540 மைக்ரான், பவர் மைனஸ் 6. செதுக்கும் வட்டம் 6.5 மி.மீ. என்றால் ஒரு டயாப்டருக்குச் சுமார் 14 மைக்ரான், மொத்தம் 84. மடல் 110 என்றால் கூட்டுத்தொகை 194, கார்னியாவில் 36 சதவீதம். அதே கண்ணில் மடல் 160 ஆனால் 244, அதாவது 45 சதவீதம். 40-ஐத் தாண்டினால் பின்னாளில் கார்னியா பிதுங்கும் அபாயம் ஏறுகிறது. அடியில் மிஞ்சும் பகுதி 250 மைக்ரானுக்குக் குறையவே கூடாது. 300 இருந்தால் நிம்மதி.

குறைந்த பவர், நல்ல தடிமன், நடுத்தர வளைவு உள்ள கண்ணுக்கு அனுபவமுள்ள கையில் பிளேடும் போதும். மற்றவர்கள் ஃபெம்டோவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல.

அடுத்துப் பார்க்க வேண்டியது பின்கவனிப்பு. விலைப்பட்டியலில் இது கடைசி வரியில் இருக்கும். உண்மையில் பாதி மதிப்பு இங்கேதான். மறுநாள் ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பரிசோதனை இல்லாத பேக்கேஜை ஏற்காதீர்கள். மடல் நழுவிச் சுருக்கம் விழுவது பெரும்பாலும் முதல் நாளில்தான். உடனே தூக்கி, கழுவி, நீவிப் படிய வைத்தால் சரியாகிவிடும். தள்ளிப்போட்டால் சுருக்கம் நிலைத்துவிடும்.

முதல் சில நாட்களில் மடலுக்கு அடியில் மணல் தூவியதுபோல் வெண்மை தெரிந்தால் அது கிருமியில்லாத அழற்சி. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அடிக்கடி விட வேண்டும். நடுப்பகுதியில் கட்டிபோல் திரண்டால் மடலைத் தூக்கிக் கழுவ வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் அதே தோற்றம் நீடித்தாலோ, புதிதாக வந்தாலோ எச்சரிக்கை தேவை. ஸ்டீராய்டால் கண் அழுத்தம் ஏறியும் இப்படித் தெரியும். மடலுக்கு அடியில் நீர் கோத்திருப்பதால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் பார்வை நரம்பே பாதிக்கப்படலாம். அழுத்தத்தை நடுவில் மட்டுமின்றி ஓரத்திலும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். வலி, சிவப்பு, சீழ் சேர்ந்து வந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

பவர் மிச்சமிருக்கிறது என்று பழைய மடலை மறுபடி தூக்கினால், மேல்தோல் செல்கள் அடியில் புகுந்து வளரும் வாய்ப்பு அதிகம். 'இலவச மறுசிகிச்சை' என்ற வாக்குறுதியில் இந்த விஷயம் எழுதியிருக்காது.

மடலே வேண்டாம் என்றால் ஸ்மைல் என்ற முறை உண்டு: 2 முதல் 4 மி.மீ. வெட்டு, அதன் வழியே கார்னியாவுக்குள் லேசரால் வெட்டிய ஒரு மெல்லிய திசு வில்லையை உருவிவிடுவார்கள். மறுசிகிச்சை லேசிக் அளவுக்கு எளிதல்ல. கபடி, குத்துச்சண்டை ஆடுபவர்களுக்கும் கார்னியா மெலிந்தவர்களுக்கும் பிஆர்கே என்ற மேற்பரப்பு லேசர் பொருத்தம்; மூன்று நான்கு நாள் வலியைத் தாங்க வேண்டும். அடி பட்டால் லேசிக் மடல் பல வருடங்களுக்குப் பிறகும் விலகலாம்.

சிகிச்சைக்கு முந்தைய வளைவு, பவர், மடல் தடிமன், செதுக்கிய ஆழம் ஆகியவற்றை எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் பவர் கணக்கிடும் மருத்துவர் இதைத்தான் முதலில் கேட்பார்.