1176 கம்ப்ரஸர் கிட்: பற்றவைப்பதைவிடப் பழுது பார்ப்பதுதான் பெரிய வேலை

வீட்டு ஸ்டூடியோவுக்கு 1176 வகைக் கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமன்செய்யும் கருவி) கிட், அதாவது நாமே பாகங்களைச் சேர்த்துக் கட்டும் பெட்டி, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம், சத்தம் அருமை. ஆனால் மல்டிமீட்டரைப் பிடித்துப் பழக்கமில்லை என்றால் இதை முதல் கிட்டாக எடுக்காதீர்கள். பாகங்களைப் பலகையில் பற்றவைப்பது (சால்டரிங்) பொறுமை இருக்கிற யாருக்கும் வந்துவிடும். பற்றவைத்து முடித்த பெட்டியை அளந்து, பழுது கண்டுபிடித்து, சரியாக ட்யூன் செய்வதில்தான் வேலையே இருக்கிறது, கிட்டோடு வரும் கையேடு அந்த இடத்தில்தான் கை விரிக்கிறது.

பில் புட்னம் 1960களின் பிற்பகுதியில் வடிவமைத்த கருவி இது. யுனிவர்சல் ஆடியோ இன்றைக்கும் தயாரிக்கிறது, ஆனால் அந்த விலை வீட்டில் பதிவு செய்கிற பலருக்குக் கட்டுப்படியாகாது. நான் எடுத்தது ரிவிஷன் டி (அந்தக் கருவியின் ஒரு பழைய பதிப்பு) வகை கிட், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

பலகை நல்ல தரம். கனமான தாமிரம், தெளிவான எழுத்து, தப்பிப்போய் ஒரு பாகத்தைக் கழற்றினாலும் பட்டை உரிந்து வருவதில்லை. ரெசிஸ்டர்கள் நீல உடம்பு மெட்டல் ஃபிலிம், அதில் பழுப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கு மாற்று தேடுகிறவர்கள் கால் வரிசையைப் பாருங்கள். பழைய 2என்3391ஏ-வில் எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று வரும், அதற்குப் பதிலாகப் பலர் போடும் 2என்5088-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பலகையில் வரைந்திருக்கும் அரைவட்டத்தை மட்டும் நம்பிச் செருகினால் போச்சு.

அடுத்தது பவர். கையேட்டில் அமெரிக்க வயரிங்கைப் பெரிய படமாகப் போட்டிருக்கிறார்கள், நம் 230 வோல்ட்டுக்கு ஓரத்தில் ஒரே ஒரு வரி. டிரான்ஸ்ஃபார்மரில் 115 வோல்ட் பிரைமரி இரண்டு இருக்கும், இங்கே அவற்றை சீரிஸில் இணைக்க வேண்டும், பேரலலில் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். உயிருக்கே ஆபத்தான இடத்தில் இவ்வளவு சிக்கனமாக எழுதியது எனக்குப் பிடிக்கவே இல்லை. பவர் பகுதியை மட்டும் முதலில் கட்டி, சீரிஸ் லேம்ப் (பழுது இருந்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த வழியில் போடும் பல்பு) போட்டு ஆன் செய்து, +30 வோல்ட்டும் −10 வோல்ட்டும் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற பாகங்களுக்குப் போங்கள். −10 பக்கத்தில் கெபாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போகும், அதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் மாட்டிக்கொண்ட பழுது. வோல்டேஜ் எல்லாம் சரி. 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுத்து இன்புட்டை ஏற்றினால் சத்தம் அமுங்கியது, ஆனால் அமுங்கியபடியே நின்றுவிட்டது, மீட்டர் முள்ளும் கீழேயே கிடந்தது. க்யூ பயாஸ் ட்ரிம்மரை (ஃபெட்டின் ஆரம்ப வோல்டேஜை வைக்கும் சிறிய திருகை) இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் ஒரு மாற்றமும் இல்லை. இந்த நிலையில் பலரும் செய்வது ஃபெட்டை, அதாவது சத்தத்தை அமுக்கும் டிரான்சிஸ்டரைக் கழற்றி மாற்றுவது. அதைச் செய்யாதீர்கள், அது ஜோடி பொருத்தித் தந்த பாகம், தொலைத்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

ஃபெட் இங்கே ஒரு மின்தடை மாதிரி வேலை செய்கிறது. அதன் கேட் என்ற காலில் வரும் வோல்டேஜைப் பொறுத்து சிக்னலைக் கொஞ்சமாகவோ அதிகமாகவோ கிரவுண்டுக்கு இழுக்கிறது. அந்த கேட்டுக்கு க்யூ பயாஸ் வோல்டேஜ் போகும் வழியில்தான் ரிலீஸ் பாட் (அமுங்கிய சத்தம் திரும்பும் நேரத்தை மாற்றும் குமிழின் மின்தடை) இருக்கிறது. ட்ரிம்மரின் நடுக்காலில் வோல்டேஜ் ஒழுங்காக மாறியது, ரிலீஸ் பாட்டைத் தாண்டியதும் ஒன்றுமில்லை. பவரை அணைத்து பாட்டை ஓமில் அளந்தால் உள்ளே டிராக் ஓப்பன். சத்தம் திரும்பி வராததற்கும் ட்ரிம்மர் வேலை செய்யாததற்கும் காரணம் ஒன்றே, கிட்டிலேயே வந்த பழுதான பாட். எழுதிக் கேட்டதும் மாற்று பாட் அனுப்பினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பகுதியில் மின்தடை மெகாஓம் கணக்கில் இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டரே 10 மெகாஓம்தான், எனவே கேட்டில் நேராக அளந்தால் மீட்டரே சர்க்யூட்டை இழுத்துத் தவறான அளவைக் காட்டும். அதே காரணத்தால் பற்றவைத்தபோது வந்த ஃப்ளக்ஸ் அழுக்கு படிந்திருந்தாலும் கசிவு வந்து ரிலீஸ் நேரம் மாறிப்போகும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேலிப்ரேஷனையும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஃபெட்டான 2என்5457-இன் கட்-ஆஃப் வோல்டேஜ் (அது முழுக்க மூடும் கேட் வோல்டேஜ்) −0.5-இலிருந்து −6 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது, ஆகவே இன்னொருவர் பெட்டியின் வோல்டேஜை அப்படியே உங்கள் பெட்டியில் வைக்க முடியாது. அட்டாக் குமிழை (அமுக்கத் தொடங்கும் வேகத்தை வைப்பது) ஆஃப் நிலைக்குத் திருப்பி, ஃபெட் முழுக்க மூடியிருக்கும்படி ட்ரிம்மரை வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் டோனில் அவுட்புட்டைக் குறித்துக்கொண்டு, சரியாக 1 டெசிபெல் குறையும் வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். பெட்டி நன்றாகச் சூடான பிறகு செய்தால்தான் அந்த அளவு நிற்கும்.

சத்தத்துக்கு வருவோம். அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ நொடி, அதாவது மிக மெதுவான நிலைகூட ஒரு மில்லி நொடிக்குள். மிருதங்கத்தில் வலந்தலை அடியின் முனையை இது விடாமல் பிடித்துவிடும், அந்தக் கூர்மை அப்படியே வேண்டும் என்பவர்கள் இன்புட்டைக் குறைத்து 4:1 அமுக்க விகிதத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டால் போதும். இடப்புறத் தொப்பியின் கும்கி எனும் ஆழ்ந்த ஒலியோ இதில் அவ்வளவு அழகாக முன்னால் வருகிறது. குரலுக்கு நான் வேறு எதையும் தேடப்போவதில்லை, மெல்லப் பாடும் வரியும் உச்சத்தில் பாடும் வரியும் ஒரே தூரத்தில் நின்று கேட்கிறது. அப்புறம், இதன் அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும், மற்ற கம்ப்ரஸர் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் போய்விடாதீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு கிட் வாங்க நினைப்பவர்கள் ஒன்றை முழுதாக முடித்து ஓடவிட்ட பிறகு அடுத்ததைப் பிரியுங்கள். ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவதில் பழுது வரும்போது புள்ளிக்குப் புள்ளி வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதைவிட நல்ல கையேடு இந்தக் கிட்டுக்குக் கிடைக்காது.