மணிக்குவளைப் பெட்டி: குவளைக்காக வாங்கலாம், கையேட்டை நம்ப வேண்டாம்

மணிக்குவளை என்பது நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன் ஐரோப்பாவில் புழங்கிய, மணி வடிவ மண்குவளை. அதை நாமே செய்து பார்க்க, பிரிட்டனில் தொல்பொருள் நகல்கள் செய்யும் பட்டறை ஒன்றிலிருந்து வரும் பெட்டி இது. உள்ளே ஆறு பொருள்கள்: சுட்டு முடித்த மணிக்குவளை நகல் ஒன்று, இரண்டு கிலோ களிமண், ஒரு நூற்கண்டு, எலும்பில் செதுக்கிய பல்சீப்பு, வெள்ளைப் பொடி ஒரு பொட்டலம், பதினாறு பக்கக் கையேடு. பள்ளி வகுப்புகளையும் அருங்காட்சியகப் பயிற்சிகளையும் மனத்தில் வைத்துத் தயாரித்திருக்கிறார்கள். குவளை நகல் மிக நன்றாக இருக்கிறது. செய்முறைப் பொருள்களில் பாதியை மாற்ற வேண்டும். கையேட்டில் இரண்டு இடங்களில் பெரிய பிழை.

முதலில் குவளை. உயரம் 16 சென்டிமீட்டர், வாய் விட்டம் 14, சுவரின் தடிமன் 6 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 750 கிராம். கவிழ்த்துப் பார்த்தால் கோயில் மணியின் வடிவம் அப்படியே தெரியும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் மணிக்குவளை என்று பெயர் வைத்ததற்குக் காரணமும் அதுதான். சிறிய தட்டையான அடி, உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில் உப்பும் வயிறு, மேலே ஒடுங்கும் கழுத்து, பிறகு வெளிப்பக்கம் விரியும் வாய். இந்த S வளைவு உடையாமல் ஓட வேண்டும். மலிவான நகல்களில் வயிறு சரியான இடத்தில் இருக்காது, நடுவில் போய் நின்றுவிடும். அப்போது அது பூச்சாடி போலத் தெரியும். இந்த நகலில் வளைவு சரியாக விழுந்திருக்கிறது.

சக்கரத்தில் வனைந்தது அல்ல என்பதை உள்ளே கையை விட்டாலே உணரலாம். மண்ணைத் திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, விரலால் இழைத்து எழுப்பியிருக்கிறார்கள். அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில், உட்சுவரில், இரண்டு திரிகள் சேருமிடத்தில் மெல்லிய மேடு ஒன்று விரல் நுனிக்குத் தட்டுப்படுகிறது. அதன்மேல் கட்டைவிரல் அழுத்திய பள்ளங்கள் சுற்றிவர இருக்கின்றன. அசல் குவளைகள் உடையும்போதும் பல சமயம் இந்தத் திரி இணைப்பின் வழியாகவே உடைகின்றன. அப்படி உடைந்த ஓட்டின் விளிம்பு வழவழவென்று இருப்பதால், அதுதான் குவளையின் வாய் என்று புதியவர்கள் ஏமாறுவதும் உண்டு.

நிறம்தான் இந்த நகலின் பெரிய பலம். ஒரு பக்கம் செங்கல் சிவப்பு, மறுபக்கம் பழுப்பு, வயிற்றில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கரும்படலம். எரிகிற விறகு மண்ணில் பட்டுக்கொண்டிருந்த இடம் அது. திறந்த நெருப்பில் சுட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மின்சூளையில் 1000 டிகிரிக்கு மேல் சுட்டால் குவளை முழுக்க ஒரே ஆரஞ்சு நிறமாக வரும். தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். மணிக்குவளைக் காலத்துக் குவளைக்கு அந்த ஒலி பொருந்தாது. அந்தக் காலக் குயவர்கள் சுட்ட நெருப்பு பெரும்பாலும் 600 முதல் 800 டிகிரிக்குள்தான் இருந்திருக்கும், அதுவும் குறைந்த நேரமே. அதனால்தான் அசல் ஓடுகளின் குறுக்குவெட்டில் வெளித்தோல் சிவப்பாகவும் நடு கறுப்பாகவும் இருக்கிறது: மண்ணிலிருந்த கரி முழுவதும் எரிந்து தீருவதற்குள் நெருப்பு அணைந்துவிட்டது.

அலங்காரத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கிடைமட்டப் பட்டைகள், ஒன்றில் சாய்கோடுகள், அடுத்தது வெறுமை, மீண்டும் எதிர்த் திசையில் சாய்கோடுகள். ஒவ்வொரு கோடும் உண்மையில் சிறு சதுரப் பள்ளங்களின் வரிசை. பல்சீப்பை அழுத்தி எடுத்த தடம். மூன்று சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஒரு பள்ளம் மட்டும் இரட்டை ஆழத்தில் இருக்கிறது. சீப்பை எடுத்து அடுத்த இடத்தில் வைக்கும்போது கடைசிப் பல் பழைய பள்ளத்திலேயே விழுந்திருக்கிறது. அச்சில் வார்த்த நகல்களிலும், பல்சக்கரத்தை உருட்டிச் செய்த நகல்களிலும் இந்த இணைப்பு இருக்காது. கோடு தையல் இயந்திரம் ஓடியது போல ஒரே சீராகப் போகும். நகல் வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த இரட்டைப் பள்ளத்தைத்தான்.

இனி, செய்முறைப் பொருள்கள்.

களிமண் தரமானது, ஆனால் இந்த வேலைக்கு வழுவழுப்பு அதிகம். கடையில் கிடைக்கும் நயமான செம்மண் களி. சூளைக்கு ஏற்றது, திறந்த நெருப்புக்கு ஏற்றதல்ல. நெருப்பில் வெப்பம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். மண்ணுக்குள் மிஞ்சிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாவிட்டால் சுவர் வெடித்துச் சில்லுச் சில்லாகச் சிதறும். மணிக்குவளைக் குயவர்கள் இதற்காகவே பழைய பானை ஓட்டை இடித்துப் பொடியாக்கி மண்ணில் கலந்தார்கள். சில இடங்களில் மணல், சில இடங்களில் சுட்டு நொறுக்கிய தீக்கல். பெட்டியில் ஓட்டுப்பொடி இல்லாதது பெரிய குறை. மெருகு பூசாத சுடுமண் பூந்தொட்டி ஒன்றை உடைத்து, இடித்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, இரண்டு கிலோ மண்ணுக்கு 300 முதல் 400 கிராம் வரை பிசைந்து சேர்த்தால் போதும். கிளிஞ்சல் தூள் சேர்க்கலாம் என்று கையேடு ஒரு வரி சொல்கிறது. அதில் கவனம் தேவை. நெருப்பு 800 டிகிரியை நெருங்கினால் கிளிஞ்சல் சுண்ணாம்பாக மாறிவிடும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கும். இரண்டு வாரம் கழித்துக் குவளையின் மேல்தோல் பொட்டுப் பொட்டாக உதிரும்.

மண்ணில் அழுத்தித் தடம் பதிக்கத் தந்த நூற்கண்டு முப்புரிப் பருத்தி நூல், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம். இது மிகவும் தடிமன். கயிற்றுத் தடம் பதித்த அசல் குவளைகளில் தடங்கள் மெல்லியவை, பெரும்பாலும் இருபுரி நூல். மெல்லிய சணல் இழைகள் இரண்டை ஒரே திசையில் முறுக்கி, பிறகு சேர்த்து எதிர்த் திசையில் முறுக்கிக்கொண்டால் சரியான கனம் வரும். முறுக்கும் திசையையும் கவனிக்க வேண்டும்: இடம்புரி நூல் மண்ணில் வலம்புரித் தடத்தை விடும், ஏனென்றால் பதிவு கண்ணாடி பிம்பம்போலத் திரும்பிவிடும். அசலைப் பார்த்து அதேபோல் செய்ய நினைப்பவர்கள், தடத்தில் தெரியும் திசைக்கு எதிராக நூலை முறுக்க வேண்டும். கையேட்டில் இது இல்லை.

பல்சீப்பு அழகாக இருக்கிறது, ஆனால் விளிம்பு நேர்கோடாக இருக்கிறது. உருண்ட வயிற்றில் நேரான சீப்பை வைத்தால் நடுப்பற்கள் மட்டும் ஆழமாகப் பதியும், ஓரப்பற்கள் மண்ணைத் தொடாது. விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துப் பிறைபோல் லேசாக வளைத்துக்கொண்டால், தொட்டில் ஆட்டுவதுபோல் ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சாய்த்து அழுத்தலாம். பத்து நிமிட வேலை. பதித்த கோடுகளில் ஏற்படும் வேறுபாடு உடனே தெரியும்.

கட்டும் முறையைக் கையேடு ஓரளவு சரியாகவே சொல்கிறது. எட்டு சென்டிமீட்டர் அகலத்தில் அடித்தட்டு, அதன்மேல் சுட்டுவிரல் கனத்தில் திரிகள், ஒவ்வொரு திரியையும் கீழ்த்திரியின் உட்பக்கத்தில் சற்றுச் சரிவாகப் படியவைத்து இழைத்தல். ஆனால் ஓய்வு நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வயிறு அகன்று முடிந்ததும் நிறுத்த வேண்டும். விளிம்பில் மட்டும் ஈரத்துணி போட்டு, கீழ்ப்பகுதி ஒன்றிரண்டு மணி நேரம் இறுகிய பிறகே கழுத்தைத் தொடங்க வேண்டும். ஒரே மூச்சில் கட்டினால் கழுத்தின் பாரம் தாங்காமல் வயிறு சரிந்து உட்காரும். அடித்தட்டு சுவரைவிடத் தடிமனாக இருந்தால் சுவர் முன்பே காய்ந்து சுருங்கும், அடி பின்னால் சுருங்கும். இரண்டும் சேரும் வளையத்தில் விரிசல் விழும். வகுப்புகளில் வீணாகும் குவளைகளில் பல இந்த விரிசலால்தான் வீணாகின்றன.

அளவிலும் ஒரு சறுக்கல். முடிந்த குவளையின் 16 சென்டிமீட்டரையே கட்ட வேண்டிய உயரமாகக் கொடுத்திருக்கிறார்கள். மண் காய்ந்து சுடும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். ஏறக்குறைய 17.8 சென்டிமீட்டர் கட்டினால்தான் நகலுக்குப் பக்கத்தில் வைக்கும்படி வரும்.

அலங்காரத்துக்கு ஏற்ற பதம்: விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அதற்கு முன்பே கூழாங்கல்லால் தேய்த்து மேற்பரப்பை வழவழப்பாக்கிவிட வேண்டும். ஈரம் அதிகமானால் சீப்பு எடுக்கும்போது மண்ணும் கூடவே ஒட்டி வரும். பள்ளங்களின் ஓரம் பிசிறும். காய்ந்துபோனால் பல் இறங்காது, ஓரம் உடையும்.

வெள்ளைப் பொடி வெறும் சுண்ணக்கட்டித் தூள். பள்ளங்களில் வெள்ளை நிரப்பும் வழக்கம் அசலில் உண்டு. ஸ்காட்லாந்தின் அபெர்டீன்ஷயர் பகுதிக் குவளைகளில் நிரப்பியது எலும்புத்தூள் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. சிவந்த உடலில் வெள்ளைக் கோடுகள் மின்னும் குவளையைக் கையில் எடுத்தவர்களுக்கு, அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் மங்கிக் கிடக்கும் அசல் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பது புரிந்துவிடும். ஆகவே இந்த வேலையை விடாமல் செய்ய வேண்டும். சுட்ட பிறகு பொடியை நீரில் குழைத்துப் பள்ளங்களில் அழுத்தி, ஈரத்துணியால் மேலே துடைக்க வேண்டும். வெறும் நீரில் குழைத்தது பத்துப் பேர் கை மாறினால் உதிர்ந்துவிடும். விலங்குப் பசை சிறிது கரைத்துக்கொண்டால் நிற்கும்.

இப்போது கையேட்டின் முதல் பெரும் பிழை: "வீட்டு அவன் அடுப்பில் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் குவளை தயார்." தயாராகாது. களிமண் பானையாக மாற வேண்டுமானால் அதன் துகள்களுக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேற வேண்டும். அது 450 டிகிரிக்கு மேல்தான் முறையாக நடக்கும். அவன் அடுப்பில் வைத்தது நன்றாகக் காய்ந்த மண், அவ்வளவே. தண்ணீர் ஊற்றினால் சிறிது நேரத்தில் சேறாகிவிடும். குழந்தைகள் நாள் கணக்கில் உழைத்துச் செய்ததை இப்படிக் கரையவிடுவது கொடுமை. அவன் அடுப்பு உலர்த்துவதற்குப் பயன்படும்: ஒரு வாரம் நிழலில் காய்ந்த குவளையை 90 டிகிரியில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் மிச்ச ஈரமும் போகும். அதன் பிறகு திறந்த வெளியில் நெருப்பு மூட்டி, குவளையை ஓரத்தில் வைத்துத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று மணி நேரம் சூடேற்றி, தணலுக்கு நகர்த்தி, மேலே காய்ந்த விறகு அடுக்கி எரிக்க வேண்டும். குவளை மங்கிய சிவப்பாகக் கனலும் நிலை வந்து அரை மணியாவது நீடிக்க வேண்டும். பிறகு சாம்பலுக்குள்ளேயே விட்டுவிடுங்கள், மறுநாள் காலை எடுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் 573 டிகிரியைக் கடந்து இறங்கும்போது மண்ணிலுள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) துகள்கள் சட்டென்று சுருங்கும். டப்பென்று விரிசல் கேட்கும்.

இரண்டாவது பிழை வரலாற்றில். "மணிக்குவளை மக்கள் ஸ்பெயினிலிருந்து கிளம்பி ஐரோப்பா முழுவதும் குடியேறினார்கள்" என்கிறது கையேடு. இது பழைய கதை. மிகப் பழைய குவளைகள் கி.மு. 2750 அளவில் போர்ச்சுகலின் டேகஸ் ஆற்று முகத்துவாரப் பகுதியில் கிடைப்பது உண்மை. ஆனால் 2018இல் வெளியான பண்டை மரபணு ஆய்வு, 400 பழங்கால ஐரோப்பியர்களின் மரபணுவைப் பார்த்து, ஐபீரியாவில் (ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதி) குவளை வைத்திருந்தவர்களுக்கும் மத்திய ஐரோப்பாவில் அதே குவளை வைத்திருந்தவர்களுக்கும் நெருங்கிய உறவு அதிகம் இல்லை என்று காட்டியது. அங்கே குவளை மட்டும் கைமாறிப் போயிருக்கிறது. பிரிட்டனில் நடந்தது வேறு: கி.மு. 2450 அளவில் குவளையோடு மனிதர்களும் வந்தார்கள். சில நூறு ஆண்டுகளுக்குள் அந்தத் தீவின் மரபணுவில் ஏறக்குறைய 90 சதவீதம் மாறிவிட்டது. ஒரே பானை, இரண்டு இடங்களில் இரண்டு வரலாறு. பானையைப் பெயராக வைத்ததால் இவர்கள் ஒரே இனம் என்று நினைத்துவிடும் தவறைத்தான் கையேடும் செய்கிறது. வகுப்பில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு ஏம்ஸ்பரி வில்லாளியைப் பற்றிச் சொல்லலாம். 2002இல், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவு தொலைவில் கண்டெடுத்த புதைகுழி அது. ஐந்து குவளைகள், மூன்று செம்புக் கத்திகள், தங்கத்தில் முடி அணிகள் இரண்டு, அம்புமுனைகள், வில்நாண் அடிக்காமல் காக்கும் மணிக்கட்டுக் காப்புகள். அவருடைய பல்லில் இருந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின்) விகிதம், அவர் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்தில் வளர்ந்தவர் என்று காட்டியது. எலும்பும் பொருள்களும் சாலிஸ்பரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நகலில் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். மெருகு இல்லாத, குறைந்த வெப்பத்தில் சுட்ட குவளை. தண்ணீர் கசியும், பால் நாறும். அசலில் என்ன இருந்தது என்பதற்கும் ஒற்றைப் பதில் கிடையாது. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் ஆஷ்குரோவ் கல்லறைக் குவளையில் லிண்டன் மரப்பூ, மெடோஸ்வீட் என்னும் புல்வெளிப்பூ ஆகியவற்றின் மகரந்தம் கிடைத்தது. தேன்மது இருந்திருக்கலாம், அல்லது உடலின் மேல் வைத்த மலர்களிலிருந்து உதிர்ந்ததாகவும் இருக்கலாம். ஸ்பெயினில் சில குவளைகளைச் செம்புத்தாது உருக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

குவளை நகலைத் தனியாகவும் விற்கிறார்கள். அதை மட்டும் வாங்கி, மண்ணும் நூலும் நீங்களே தயார் செய்வது நல்லது. வேறு பட்டறையில் வாங்குவதானால் மூன்று படங்கள் கேளுங்கள்: உட்சுவர், அடி, ஏதாவது ஒரு சீப்புக் கோட்டின் நெருக்கப் படம். உள்ளே கட்டைவிரல் பள்ளம் இருந்து, அடியில் நிறம் திட்டுத்திட்டாக மாறி, கோட்டில் எங்காவது ஒரு பல் இரண்டு முறை விழுந்திருந்தால் பணத்தை அனுப்பலாம்.