விலையைப் பெயரிலேயே சுமக்கும் கிதார்: 12 வருட அனுபவம்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன மாதம் கைபேசியில் ஒரு பழைய கிதாரின் படத்தைக் காட்டினார். "அண்ணா, மேட் இன் ஜப்பான்னு போட்டிருக்கு. கண்ணை மூடிட்டு வாங்கிடலாமா?" கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள் என்றேன். அதற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்து, இரண்டு டீ குடித்தும் பேச்சு முடியவில்லை. சரி, எழுதியே வைத்துவிடலாம்.

என்னிடம் இருப்பது அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் ஜப்பான் கிளையான ஃபெண்டர் ஜப்பானின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிதார், சன்பர்ஸ்ட் நிறம், மாடல் எஸ்டி62-55. தொண்ணூறுகளின் நடுவில் செய்தது. 2012-ல் டோக்கியோவின் ஓச்சனோமிசுவில் 42,000 யென்னுக்கு வாங்கினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சரிவுத் தெரு முழுக்கக் கிதார் கடைகள்தான் இருக்கும். புடவைக் கடைத் தெருவில் நுழைந்த மாதிரி, எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. அங்கே எனக்குப் பிடித்தது விலைச்சீட்டுகள். பழைய கிதார் என்றால் "ஃப்ரெட் பத்தில் எட்டு பங்கு மீதம், ராடில் இன்னும் இடம் இருக்கிறது, இந்த இடத்தில் கீறல்" என்று குறைகளையும் எழுதி மாட்டியிருப்பார்கள். (ஃப்ரெட் என்பது கிதாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை. ராட், அதாவது ட்ரஸ் ராட், நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள்ளே ஓடும் இரும்புக் கம்பி.) ஜப்பானில் பழைய பொருள் வாங்குவதில் பாதி சுகம் இதுதான்.

அந்த 55 என்ன என்று கடைக்காரரைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 62 என்பது 1962-ஆம் வருடத்து வடிவம். 55 என்பது புதிதாக விற்றபோது இருந்த விலை, அதாவது 55,000 யென். அக்காலத்து ஜப்பான் கிதார்கள் பலவற்றுக்கும் இதே வழக்கம். ஹமமாட்சு ஊரின் டோக்காய் நிறுவனத்து எஸ்டி-50 என்றால் 50,000 யென், எஸ்டி-100 என்றால் ஒரு லட்சம். கிரெக்கோ என்ற இன்னொரு பிராண்டின் ஈஜி500 என்றால் 50,000. விலையைப் பெயரிலேயே போட்டுக்கொண்டு திரிந்த கிதார்கள்! இன்று பழைய கிதார் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துப்பு கிடைக்காது. பலர் "ஜப்பான்" என்ற வார்த்தையைப் பார்க்கிறார்கள், எண்ணைப் பார்ப்பதில்லை.

எண் ஏற ஏற என்ன மாறும்? 1982-ல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியபோது வந்த 115 மாடலில் அமெரிக்க பிக்கப்புகளும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தங்கள்) லாக்கர் பூச்சும் இருந்தன. 65 மாடலில் உள்ளூர் பிக்கப், பாலியெஸ்டர் பூச்சு. பிறகு வந்த 55-இல் பாடி விலை குறைந்த பாஸ்வுட் மரம். அதாவது மரத்திலும் மின்பாகத்திலும் பூச்சிலும்தான் கணக்குப் பார்த்தார்கள். மரவேலையில் கைவைக்கவில்லை. 12 வருடம் வைத்திருந்ததில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்.

எங்கே கண்டேன் என்றும் சொல்கிறேன். இந்த மாடலில் ட்ரஸ் ராடைத் திருகும் இடம் நெக்கின் அடிப்பக்கத்தில், பாடிக்குள் மறைந்திருக்கிறது. கால் சுற்று திருகக்கூட நெக்கைக் கழற்ற வேண்டும். டோக்கியோவில் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும், ஜனவரியில் உதடு வெடிக்கும். அதனால் முதல் இரண்டு வருடம் பருவத்துக்கு ஒருமுறை இந்த வேலை இருந்தது. முதல் தடவை நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு நெக் கையோடு வந்துவிடும் என்று பிடித்துக்கொண்டேன். வரவில்லை. திருகே இல்லாமல், வெறும் மரத்தின் பிடியிலேயே நின்றது. கிதாரைத் தூக்கினால்கூட ஆடவில்லை. மெல்ல அசைத்து அசைத்து எடுத்தபோது, இடுக்கில் ஒரு தாள் நுழையும் இடைவெளிகூடத் தெரியவில்லை. இது பட்டியலில் கீழ்த்தட்டு மாடல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிதார் வந்த ஃபுஜிகென் ஆலை நாகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோவில் இருக்கிறது. 1960-ல் தொடங்கியது. மலைகள் சூழ்ந்த, ஈரப்பதம் குறைந்த ஊர், மரச்சாமான்களுக்குப் பெயர் போனது. மரத்தைக் காயவைக்கத் தெரிந்த ஊர் என்று ஒரே வரியில் சொல்லலாம். அக்காலத்தில் ஐபனெஸ், கிரெக்கோ பெயர்களில் வந்த கிதார்களில் பெரும்பங்கு இவர்கள் கைவேலைதான். குளிர்காலத்தில் விரல்பலகை சுருங்கி ஃப்ரெட்டின் முனைகள் கையைக் கீறுவது மலிவான கிதார்களில் சகஜம். என்னுடையதில் இன்றுவரை நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை இழுத்தால் ஒன்றும் தட்டுப்படாது.

1997 வாக்கில் ஃபெண்டர் ஜப்பான் கிதார்களில் "மேட் இன் ஜப்பான்" என்ற வாசகம் "கிராஃப்டட் இன் ஜப்பான்" என்று மாறியது. அதோடு தரம் போய்விட்டது என்று ஒரு பேச்சு உண்டு. வேலை வேறு ஆலைகளுக்குப் போனது உண்மை. நான் வாசித்துப் பார்த்த நான்கைந்தில் மோசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

இனி என் முட்டாள்தனங்கள். மூன்றாம் வருடம் வால்யூம் பாட், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுப் பாகம், கரகரவென்றது. இருபது வருடத் தூசி, வேறென்ன. நல்லதாகப் போடுவோம் என்று அமெரிக்க அளவு பாட்கள் மூன்றும், பாடியின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டும் புதிதாக வரவழைத்தேன். பழைய பாட்களின் கழுத்து சிறியது, புதியவை தடிமன், பழைய துளைக்குள் நுழையவே இல்லை. பிக்கார்டின் பதினோரு துளைகளில் பாதி பாடியின் துளைகளோடு சேரவில்லை. ஜப்பான் அளவு என்று கேட்டு வாங்கியிருந்தால் அரைமணி வேலை. நான் அரத்தை வைத்துத் தேய்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தேன். பிக்கப்பையும் பிறகு மாற்றினேன், அது என் ருசிக்காக. கமகம் மாதிரி கம்பியை இழுத்து வாசிக்கும்போது ஒலி இன்னும் கொஞ்சம் கனமாக நிற்க வேண்டும் எனக்கு. அப்படி இழுத்தும் சுருதி கலையாமல் இருக்க நான் செய்தது ஒன்றுதான்: கம்பி மாற்றும்போதெல்லாம் நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு துண்டு) பள்ளங்களில் பென்சில் தூள் தடவுவேன்.

இரண்டாவது முட்டாள்தனம் இன்னும் பெரியது. எழுபதுகளில் செய்தது, "வழக்கு காலத்துக் கிதார்" என்று இணையத்தில் ஒருவர் ஏற்றிவிட, அமெரிக்கக் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வடிவத்தில் ஒரு ஜப்பான் நகல் வாங்கினேன். செய்த நிறுவனம் எது என்பது இருக்கட்டும். வந்ததும் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் தட்டினேன். பெட்டி மாதிரிச் சத்தம். மேலே ஒட்டுப்பலகையை வளைத்து வைத்து, அடியில் காலி இடம். அசல் லெஸ் பாலைப் போல நெக் ஒட்டப்படவில்லை, ஸ்க்ரூவில் நின்றது. அந்தக் காலத்துத் தொடக்க நிலை நகல்களில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு என்று பிறகுதான் படித்தேன்.

அந்த வழக்கும் ஒன்றே ஒன்றுதான். 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸின் அமெரிக்கக் கிளையான எல்ஜர் மீது தொடுத்தது. விவகாரம் கிதாரின் தலைப்பகுதி வடிவம் பற்றியது, சமரசத்தில் முடிந்தது. அந்த ஒற்றை வழக்கின் பெயரைச் சொல்லி எந்த ஜப்பான் கிதாரையும் இரட்டிப்பு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் தலையைக் கொடுத்தேன்.

காசுக்குத் தகுமா என்று தம்பி கேட்டார். 2012-ல் தகுந்தது, கேள்வியே இல்லை. 1985-க்குப் பிறகு யென் ஏறி, ஏற்றுமதிக்கான மலிவு வகைகள் கொரியாவுக்குப் போனதால்தான் இந்தப் பழைய சரக்குக்கு இவ்வளவு மவுசு. இப்போது பழையவற்றின் விலையும் ஏறிவிட்டது. ஒரு லட்சம் யென் கேட்கும் பழைய 55-ஐவிட, அதே காசுக்கு யமஹா பசிஃபிகாவில் நல்ல ஒன்றைப் புதிதாகப் பார்க்கலாம். அது ஜப்பானில் செய்ததாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழையதுதான் வேண்டும் என்றால் எண்ணைப் பாருங்கள், ஃப்ரெட்டைப் பாருங்கள், ராட் இரு பக்கமும் திரும்புகிறதா என்று கேளுங்கள்.

என்னுடையதில் முதல் மூன்று ஃப்ரெட்களில் மெல்லிய கம்பிகளுக்கு அடியில் பள்ளம் விழுந்துவிட்டது. 12 வருடம் அங்கேயே விரல்களை அழுத்திக் கார்டு பிடித்தால் (பல சுரங்களைச் சேர்த்து வாசித்தால்) விழாமல் என்ன செய்யும்? எல்லா ஃப்ரெட்டையும் மாற்றக் கேட்ட கூலி, கிதார் வாங்கிய விலையை நெருங்கியது. வீட்டில் சொல்லவில்லை. போன சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், மூன்று வாரம் ஆகுமாம்.